பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி

மருத்துவமனையின் பின்பக்கம், கொதிகலன் அறையை ஒட்டியிருந்த சலவைப் பிரிவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருவரும் இல்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவளுக்குப் பெயர் இருந்தது. மற்றபடி அவள் பூதக்கண்ணாடி.

துவைத்து, பாதி உலர்த்தி, நீராவி ரோலரில் தேய்த்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பு மேசையில் விரித்துப் போட்டு, கறை, கிழிசல், நைந்த ஓரம் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மடித்து அடுக்குவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே குழல்விளக்கு. மற்றவர்கள் குனிந்து தேடிக் கண்டுபிடிக்கிற புள்ளியை அவள் நாலடி தள்ளி நின்றே விரலை நீட்டிக் காட்டிவிடுவாள். அது மருந்துக் கறையா, ரத்தமா, துருவா என்பதையும் சேர்த்துச் சொல்வாள்.

துணியைப் பார்க்கிற கண்ணாலேயே மனிதர்களையும் பார்த்தாள். யாராவது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சிரித்து வணக்கம் சொன்னால், "என்ன வேணும், சொல்லிடு" என்பாள். சோப்புத்தூளின் உறை நிறம் மாறி வந்தால் முகர்ந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இனிப்பு கொடுத்தபோது, "இவங்க வீட்டுல தண்ணி வராதுபோல. நாளைக்குக் குடத்தோட வருவாங்க பாருங்க" என்று கணவரிடம் சொன்னாள். மறுநாள் அவர்கள் குடத்தோடு வந்து நின்றது அவளுடைய கெட்ட காலம். அதற்குப் பிறகு அவளைத் திருத்த யாராலும் முடியவில்லை.

இப்படிப்பட்டவள் வேலை செய்த இடத்தில், ஒரு திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. ஊழியர் நலன் கருதி தினமும் காலை ஏழே காலுக்குப் பத்து நிமிட உடற்பயிற்சி, உலர்த்தும் கூடத்துக்குப் பின்னால் உள்ள முற்றத்தில். கலந்துகொள்வது அவரவர் விருப்பம். வருகை பதிவு செய்யப்படும்.

கடைசி இரண்டு வாக்கியங்களின் மேல் அவள் ஆள்காட்டி விரலை வைத்தாள்.

"விருப்பம்னா பதிவு எதுக்கு? பதிவுன்னா அப்புறம் விருப்பம் எங்க இருக்கு?"

பக்கத்தில் நின்றவள் ரோலர்க்காரி. நீராவி ரோலருக்குள் ஈர விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடுகிற வேலை அவளுடையது. பதினெட்டு வருடத் தோழி. மேசைக்கும் ரோலருக்கும் நடுவே இருந்த ஆறடி தூரத்தில்தான் அவர்கள் இருவரும் பிள்ளைகளை வளர்த்தார்கள், மாமியார்களைத் திட்டினார்கள், ஒருத்தி அழுதபோது இன்னொருத்தி துண்டு எறிந்தாள்.

"சும்மா கையைக் காலை ஆட்டச் சொல்றாங்க. அதுல என்னடி வந்துச்சு?" என்றாள் ரோலர்க்காரி.

"போன வாரம் ரெண்டு பேர் வந்து என் மேசையைச் சுத்தி டேப் வெச்சு அளந்துட்டுப் போனாங்களே, மறந்துட்டியா? மடிக்கிற மெஷின் வரப்போகுது. மெஷின் வந்தா ஆள் குறையணும். யாரைக் குறைக்கலாம்னு எப்படித் தெரியும்? ஆட விட்டுப் பாத்தாத் தெரியும்."

ரோலர்க்காரி சிரித்தாள். ஆனால் அன்று மாலைவரை அந்தக் காகிதத்தை இரண்டு முறை போய்ப் படித்துவிட்டு வந்தாள்.

உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதுமே பூதக்கண்ணாடிக்கு உள்ளே ஏதோ சுருங்கிக்கொண்டதற்கு மடிக்கிற மெஷின் மட்டும் காரணமில்லை. அதன் வேர் வேறொரு மைதானத்தில் இருந்தது.

பள்ளியில் படிக்கும்போது அவள் நன்றாக ஓடுவாள். யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த தூரம் அதிகம், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் ஓட்டப்பந்தயத்தில் அவள் முதலாவதாக வந்தாள். சும்மா முதலாவதாக இல்லை. இரண்டாவதாக வந்தவள் கோட்டைத் தொட்டபோது இவள் மூச்சு வாங்கி முடித்து, திரும்பி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். கைதட்டினார்கள். அப்போது இரண்டாவதாக வந்தவளின் அப்பா மேடைக்குப் பக்கத்தில் போய், "இந்தப் பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசுதானா? உயரத்தைப் பாருங்க" என்றார்.

கூட்டத்தில் நின்ற அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். மகள் ஓடுவதைப் பார்க்க அரைநாள் கேட்டு வாங்கி வந்திருந்தார். தலைமையாசிரியை பொறுமையாகத்தான் கேட்டார்.

"பாப்பா பொறந்த வருஷம் சரிதானே?"

அப்பா பார்வையைக் கீழே இறக்கினார். செருப்பு நுனியால் மண்ணில் கோடு கிழித்தார். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயதில் நோய்வாய்ப்பட்டு ஒரு வருடம் படுக்கையில் கிடந்தாள். அந்த வருடத்தை மறைக்க, பள்ளியில் சேர்க்கும்போது அப்பா வயதில் ஒன்றைக் குறைத்திருக்கிறார். அவளுக்குப் பதின்மூன்று.

கோப்பையை அவளே கொண்டுபோய் மேசையில் வைத்தாள். இந்த முறை கைதட்டல் இல்லை. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அப்பா சொன்னார்.

"இனிமே ஓடாதே, கண்ணு. ஓடினா ஆளுங்க பாப்பாங்க. பாத்தா ஏதாவது கேப்பாங்க."

அவள் ஓடவில்லை. அதற்குப் பிறகு பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. போனால் போகட்டும், அடுத்தது வரும் என்று நிற்பாள். குறைந்துபோன அந்த ஒரு வயது மட்டும் எல்லாக் காகிதங்களிலும் அவளோடு வந்தது. பள்ளிச் சான்றிதழில், திருமணப் பதிவில், மருத்துவமனை வேலைக்கான விண்ணப்பத்தில்.

அவளுக்கு ஒரே மகள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும், விளையாட்டு வகுப்பு இருக்கிற நாளெல்லாம் அவள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். 'என் மகளுக்கு வயிற்றுவலி. விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு அளிக்க வேண்டுகிறேன்.' மகளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள், சீருடைப் பாவாடையில் முழங்காலுக்கு மேல் பச்சைக் கறை. பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, புல். அதுவும் தடுக்கி விழுந்த கறை இல்லை, ஓடிவந்து சறுக்கிய கறை. பட்டை பட்டையாக, ஒரே திசையில் இழுத்திருந்தது.

"என்ன இது?"

"விழுந்துட்டேன்மா."

"எங்க?"

"வழியில."

வழியில் எங்கேயும் புல் கிடையாது. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பாவாடையை ஊறவைத்துக் கறையை எடுத்தாள். அடுத்த வாரம் மறுபடியும் வயிற்றுவலிக் கடிதம் எழுதினாள். மகள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அந்தக் கடிதம் ஆசிரியையிடம் போகாது என்று இருவருக்கும் தெரியும். நாலு வருடம் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள், மகள் வாங்கிக்கொண்டே இருந்தாள், வாரத்துக்கு ஒரு கறை வந்துகொண்டே இருந்தது. இப்போது மகள் வேறு ஊரில் கல்லூரியில் படிக்கிறாள். அங்கே என்ன விளையாடுகிறாள் என்று அம்மா கேட்டதில்லை. மகளும் சொன்னதில்லை.

உடற்பயிற்சி சொல்லித்தர வந்தது ஓர் இளம்பெண். இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. கழுத்தில் விசில், கையில் நீல அட்டை போட்ட நோட்டு. முதல் நாளே அவளுக்கு விசில் டீச்சர் என்று பெயர் விழுந்தது. நாற்பது பேரில் முப்பது பேர் முற்றத்துக்குப் போனார்கள். பூதக்கண்ணாடியும் போனாள், ஆனால் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நீங்களும் வாங்களேன்."

"நான் பாத்துக்கறேன். நீ நடத்து."

அவள் பார்த்தது உடற்பயிற்சியை அல்ல, நோட்டை. ஆட்கள் கையைத் தூக்கும்போது, குனியும்போது, உட்கார்ந்து எழும்போது, டீச்சர் நடுவில் நடந்துபோய் ஒவ்வொருவரிடமும் ஏதோ மெதுவாகக் கேட்டாள். பிறகு எழுதினாள். தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் எழுதினாள். ஆடுகிறவர்கள் சிரித்துக்கொண்டு ஆடினார்கள். எழுதுகிறவள் சிரிக்கவில்லை. அதுதான் பூதக்கண்ணாடியை உறுத்தியது.

மூன்றாவது நாள் வயதைக் கேட்டு ஒரு படிவம் வந்தது. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்தபோது அவளுக்குக் கை நின்றது. நாற்பத்தொன்பது என்று எழுதுவதா, ஐம்பது என்று எழுதுவதா? நாற்பத்தொன்பதுதான் எழுதினாள். எழுதிவிட்டு, இது எதற்காகக் கேட்கிறார்கள் என்று நாள் முழுக்க யோசித்தாள்.

இரண்டாவது வாரம் ஒரு வாய்ப்பு கிடைத்தது. பயிற்சி முடிந்ததும் டீச்சர் ரோலர்க்காரியைத் தனியாக உட்காரவைத்து அவளுடைய வலது கையை மெல்ல மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டு ஜன்னல் விளிம்பில் கிடந்தது. பூதக்கண்ணாடி துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவள்போல் போனாள், வண்டியை நிறுத்தினாள், அட்டையைத் திறந்தாள்.

எல்லோருடைய பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஓர் எண், உட்கார்ந்து எழுந்த கணக்கு. சிலருக்குப் பக்கத்தில் சொற்கள். முழங்கால். இடுப்பு. ரோலர்க்காரியின் பெயருக்கு நேரே, 'வலது தோள், காதுக்கு மேல் போகவில்லை.' கீழே விரலை நகர்த்தித் தன் பெயரைத் தேடினாள். அங்கே எண் இல்லை, சொல்லும் இல்லை. வெறும் கேள்விக்குறி.

அன்றைக்கு அவள் மேசையைத் தாண்டி ஓரம் நைந்த விரிப்பு ஒன்று போய்விட்டது. இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது.

மதியம் டீ குடிக்கும்போது ரோலர்க்காரியிடம் சொன்னாள். "உன் தோளை எழுதி வெச்சிருக்கா."

"தெரியும். கேட்டா, சொன்னேன்."

"ஏன்டி சொன்னே? உனக்குப் பைத்தியமா?"

ரோலர்க்காரி டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். "பதினெட்டு வருஷமா இந்தக் கையால ஈரத் துணி இழுக்கறேன். வலிக்குதான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. நீகூடத்தான் கேட்டதில்ல. அவ கேட்டா. சொன்னேன்."

பூதக்கண்ணாடி மீதி டீயை ஊற்றிவிட்டு மேசைக்குத் திரும்பினாள். ஆனால் கேள்விக்குறி போகவில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் எதிரில் உட்கார்ந்திருந்தது. எனக்கு மட்டும் ஏன்? வயதில் சந்தேகமா? பழைய காகிதம் எதையாவது தோண்டியிருக்கிறார்களா? அல்லது, இவள் தேறமாட்டாள் என்று அர்த்தமா?

கடைசிக் கேள்விதான் அவளைச் சுட்டது. சந்தேகத்தோடு ரோஷமும் சேர்ந்துகொண்டது. அளப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் அளந்துகொள்ளுங்கள், ஆனால் என்னைத் தள்ளுவதற்கு என் முழங்காலைக் காரணம் காட்ட விடமாட்டேன் என்று முடிவு செய்தாள்.

அவர்கள் குடியிருந்தது ஆறு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மறுநாள் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் படியில் ஏறினாள். நான்காவது மாடியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மார்புக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பெயின்ட் உதிர்ந்த சுவர், யாரோ கழற்றி வைத்த பழைய ஜன்னல் கம்பி, ஒரு காலி பூந்தொட்டி. மனிதர் யாரும் இல்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் பார்க்கவில்லை, யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

ஒரு வாரத்தில் ஆறாவது மாடியைத் தொட்டாள். இரண்டாவது வாரத்தில் இறங்கி மறுபடியும் ஏறினாள். மூன்றாவது வாரம், ஏறும்போது மூச்சு ஒரு தாளத்துக்கு வந்து காலோடு சேர்ந்துகொண்டது. அது என்ன என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முப்பத்தேழு வருடமாக எங்கேயோ போயிருந்து, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்து வாசலில் நிற்கிற ஆளைப்போல் இருந்தது. அதையும் அவள் உடனே நம்பிவிடவில்லை. நாளைக்கு இருக்கிறதா பார்ப்போம் என்று இறங்கிவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் இன்னொரு சந்தேகம் வீட்டுக்குள் வளர்ந்துகொண்டிருந்தது.

அவள் கணவர் லிப்ட் மெக்கானிக். இரும்புக் கயிற்றின் முனகலைக் காதில் வாங்கியே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர். மனைவி கதவைச் சாத்துகிற சத்தம் கேட்கவில்லை என்றாலும், சத்தம் கேட்காமல் சாத்த முயல்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. அந்த மூன்றாவது வாரத்தில் மூன்று நாள் படுக்கையில் கையை நீட்டிப் பார்த்தார், காலி. அவள் திரும்பி வரும்போது கன்னம் சிவந்திருந்தது, நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. நான்காவது நாள் அவர் உள்பனியனோடு எழுந்து, முதலில் தெருவில் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. திரும்பி வந்து படிக்கட்டின் கீழே நின்று காதைத் தீட்டினார். மேலே எங்கோ காலடிச் சத்தம். லிப்டில் ஏறி ஆறாவது பொத்தானை அழுத்தினார்.

கதவு திறந்தபோது எதிரில் அவள் நின்றிருந்தாள், இடுப்பில் கை வைத்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு.

"யாரு?" என்றார் அவர்.

"யாருன்னா? நான்தான்."

"நீ தெரியுது. வேற யாரு?"

அவள் பின்னால் மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்தது. அவர் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தார். மூலையில் கிடந்த பழைய டிரம்முக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் மூச்சிரைப்பும் சேர்ந்து படியில் உட்கார்ந்தாள்.

"படி ஏறினேங்க. அவ்வளவுதான்."

"லிப்ட் இருக்கும்போது?"

"ஆமா."

"லிப்ட் ரிப்பேர் பண்றவன் பொண்டாட்டி படியில ஏறுறான்னு வெளிய தெரிஞ்சா என் நிலைமை என்ன?" அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தார். "எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா?"

அவள் சொன்னாள். நோட்டைப் பற்றி, கேள்விக்குறியைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, நிறுத்த முடியாமல் பின்னால் போய், ஓட்டப்பந்தயத்தையும் சொன்னாள், அப்பா மண்ணில் கிழித்த கோட்டையும் சொன்னாள். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

அவர் விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப உனக்கு அம்பது முடிஞ்சாச்சு."

"ஆமா."

"எனக்கு அம்பது முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு."

"ஆமா."

"அப்ப நீ என்னைவிட மூத்தவ!"

"மெதுவாப் பேசுங்க. அஞ்சாவது மாடியில தூங்கறாங்க."

"இருபத்தாறு வருஷமா, நான்தான் பெரியவன்னு உன்னை அதட்டிக்கிட்டிருந்தேனே!"

"அதட்டினீங்க. நான் எங்க கேட்டேன்?"

அன்றைக்கு இருவரும் படியில்தான் இறங்கினார்கள். லிப்ட் மெக்கானிக்குக்கு மூன்றாவது மாடியிலேயே கால் நடுங்கியது.

ஐந்தாவது வாரம் பூதக்கண்ணாடி சுவரைவிட்டு நகர்ந்து வரிசையில் போய் நின்றாள். முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து எழச் சொன்னபோது மற்றவர்கள் பத்தில் நிறுத்தினார்கள். அவள் இருபத்தைந்துக்குப் போனாள். கண் மட்டும் நீல அட்டையைவிட்டு நகரவில்லை. டீச்சர் எழுதினாள். நல்லா எழுதிக்கோ என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து மடிக்கிற மெஷின் வந்தது. ஒரு சின்ன அறையளவு இருந்தது. அதைப் பொருத்துகிற சத்தம் அடங்குவதற்குள் சூப்பர்வைசர் எல்லோரையும் கூட்டி ஒரு பட்டியலைப் படித்தார். மூன்று பேர் சலவைப் பிரிவிலிருந்து மாற்றப்படுகிறார்கள், பிரதான கட்டடத்தில் துணி வழங்கும் கவுன்ட்டருக்கு. உட்கார்ந்தே செய்கிற வேலை. அவர்களுடைய உடல்நிலையைக் கருத்தில்கொண்டு எடுத்த முடிவு.

மூவரில் ஒருத்தி ரோலர்க்காரி.

"தோளுக்காகத்தான்மா" என்றார் சூப்பர்வைசர் கனிவாக. "உங்க நல்லதுக்குத்தான்."

ரோலர்க்காரி தலையை ஆட்டினாள். ரோலரின் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த தன் துண்டை எடுத்து மடித்தாள். மடிப்பு சரியாக வரவில்லை. பூதக்கண்ணாடி அதை வாங்கி மடித்துக் கொடுத்தாள். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லலாம். சொல்கிற ஆசை துளியும் வரவில்லை. தன் சந்தேகம் பலித்த நாளில் இப்படி வாய் கசக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

முற்றத்தில் தனியாக நின்றிருந்த டீச்சரிடம் நேரே போனாள்.

"நோட்டைக் குடு."

அந்தப் பெண் கொடுத்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. பூதக்கண்ணாடி அதையும் உற்றுப் பார்த்தாள், நிஜக் கண்ணீர்தானா என்று.

"ரோலரோட உயரத்தைக் குறைக்கணும்னு எழுதிக் குடுத்தேன்கா. தூக்கி இழுக்கிறதாலதான் அந்த அக்காவுக்குத் தோள் போச்சு. உயரத்தைக் குறைக்கலாம், இல்ல ரெண்டு பேர் மாத்தி மாத்தி நிக்கலாம்னு எழுதினேன். அவங்க அந்தப் பக்கத்தை விட்டுட்டுப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. நான் நல்லதுக்குத்தான் எழுதினேன்."

"எழுதினது உன் கையில இருக்கற வரைக்கும்தான் நல்லதுக்கு."

டீச்சர் தலை குனிந்தாள்.

"வருகை எதுக்குப் பதிஞ்சே?"

"அது உங்களுக்கு இல்லக்கா, எனக்கு. இருபது பேருக்குக் குறைஞ்சா என்னை நிறுத்திடுவாங்க. தினமும் என்னையும்தான் எண்ணறாங்க."

பூதக்கண்ணாடி ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பொய்க்கு ஒரு பளபளப்பு இருக்கும், இதில் இல்லை.

"சரி. என் பேருக்கு நேரே கேள்விக்குறி ஏன் போட்டே?"

"எப்ப?"

"ஆரம்பத்துல."

டீச்சர் புரியாமல் விழித்தாள். "நீங்க ஒண்ணுமே செய்யலையேக்கா. சுவத்துல சாஞ்சு நின்னீங்க. வேற என்னத்தை எழுதறது?"

இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு கேள்விக்குறிக்காக ஆயிரக்கணக்கான படிகள். அவளுக்குக் கோபம் வரவேண்டும், வரவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாளையிலேருந்து இது இல்லாம வா. தலையை மட்டும் எண்ணு, பேர் எழுதாதே. யாருக்காவது வலிச்சா வாயால சொல்லு, காகிதத்துல வேண்டாம். இதுக்குச் சரின்னா நான் வரேன். ரோலர் உயரத்தைப் பத்தி எழுதின பக்கத்தை நானே சூப்பர்வைசர்கிட்டக் கொண்டுபோறேன்."

கொண்டும் போனாள். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஐந்தாவது தடவை அவளைக் கண்டதும் சூப்பர்வைசர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். ஆனால் அடுத்த மாதம் ஆள் வந்து ரோலரின் கால்களை அரையடி குறைத்துவிட்டுப் போனான். ரோலர்க்காரிக்கு அது உதவவில்லை. அவள் இடத்தில் வந்த புதியவளுக்கு உதவியது.

மடிக்கிற மெஷினும் ஒரு விஷயத்தில் ஏமாற்றியது. அது மடித்தது, ஆனால் பார்க்கவில்லை. கறையோடு சேர்த்து அழகாக மடித்துக் கொடுத்தது. வார்டிலிருந்து இரண்டு புகார் வந்த பிறகு பூதக்கண்ணாடியை மெஷினுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் வேலை தப்பியது கண்ணால்தான், காலால் இல்லை.

நோட்டு போனதும் கூட்டமும் கரைந்தது. யார் வந்தார்கள் என்று எழுதவில்லை என்றால் எதற்கு வரவேண்டும் என்று பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். முப்பது பதினைந்தாகி, ஒன்பதாகி, டீச்சருக்குக் கொடுத்த ஆறு மாத ஒப்பந்தம் முடிந்தபோது அதை நீட்டிக்கவில்லை. கடைசி நாள் அந்தப் பெண் எல்லோர் கையையும் பிடித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை ஏழே காலுக்கு, யாரும் கூப்பிடாமலே ஏழு பேர் முற்றத்தில் நின்றார்கள். விசில் இல்லை. பூதக்கண்ணாடி ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இவர்கள் ஏன் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. தான் ஏன் வந்தாள் என்பதும் சரியாகப் புரியவில்லை.

"ம், கையைத் தூக்குங்க" என்றாள். "யாரும் யாரையும் பாக்க வேண்டாம்."

கவுன்ட்டரில் ரோலர்க்காரி எட்டு மணி நேரம் உட்கார்ந்தாள். தோள்வலி குறைந்தது, உடம்பு ஊதியது. பேச ஆளில்லை, கண்ணாடித் தடுப்பின் ஓட்டைவழியே விரிப்பைத் தள்ளுவதும், எண்ணிக் கையெழுத்து வாங்குவதும்தான். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பூதக்கண்ணாடி சலவைப் பிரிவிலிருந்து நடந்து வந்து தடுப்பைத் தட்டினாள்.

"எழுந்திரு. இந்த நடைக்கூடத்து மூலை வரைக்கும் போயிட்டு வரலாம்."

"எதுக்கு?"

"சும்மா."

ரோலர்க்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ சும்மா எதுவும் செய்ய மாட்டியே. உன்னை யாரு அனுப்பினா? சூப்பர்வைசரா? என்னை எங்க தூக்கிப் போடப் போறாங்க?"

"அடிப்பாவி, ஒருத்தரும் அனுப்பல."

"கையைக் காட்டு."

பூதக்கண்ணாடி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினாள். பேனா இல்லை, காகிதம் இல்லை. ஒரு நூல் பிசிறுதான் விழுந்தது. ரோலர்க்காரி அப்படியும் திருப்தியில்லாமல் முனகிக்கொண்டே செருப்பைத் தேடி மாட்டினாள். மருந்து வண்டிகளுக்கும் காத்திருக்கிறவர்களுக்கும் நடுவே இருவரும் நடந்தார்கள். கோடிவரை போய்த் திரும்பினார்கள். இரண்டாவது சுற்றில் ரோலர்க்காரிக்கு மூச்சு வாங்கியது, நின்றாள்.

"நாளைக்கும் வருவியா?" என்றாள்.

"வருவேன்."

"ஏன்?"

"நடடி முதல்ல."